செவந்தி எரிச்ச சேலை

ஏன் எரியாது? அணைஞ்சிட்டுன்னு நீ சொல்லிட்டா அது அணைஞ்சதா ஆயிருமா? தொட்டுப் பாத்தேன், ஆறிட்டு, மூட்டத்தப் பிரிச்சிரலாம்ங்கியே கனி, நீ தொட்டது மேல பூசுன மண்ண. உள்ள நிக்கிற கரிய யாரு தொட்டா?

நம்ப மாட்டேங்கா பாரு. கரி மூட்டம் போட்டுத்தான் நாம கஞ்சி குடிக்கோம். விறக நிறுத்தி அடுக்கி, தழை போட்டு, மண்ணப் பூசி, தீய மூச்சு முட்ட வச்சாத்தான் விறகு கரியாகும்னு எனக்குத் தெரிஞ்ச அளவு ஒனக்கும் தெரியும். அது முழுக்க ஆறும் முன்ன பிரிச்சா என்ன ஆகும்னும் தெரியும். மேகம் கட்டியிருக்கு, நாளைக்கு கரி ஏத்த லாரி வருதுன்னு ரெண்டு பயம் சேந்து ஒன்ன ஆட்டுது. வேற ஒண்ணுமில்ல.

போன ஐப்பசியில பேச்சித்தாய் இப்படித்தான் பிரிச்சா. மேல எல்லாம் சில்லுன்னு இருந்திச்சு. மண்வெட்டிய ஓங்கிப் போட்டு ஒரு பக்கம் மண்ண இழுத்தா. உள்ள ஒரு கங்கு, கோலிக்காய் மட்டுக்கு, முழிச்சிக்கிட்டுக் கெடந்திருக்கு. காத்து உள்ள போச்சு. அவ கொடத்தத் தூக்கிக்கிட்டு வாரதுக்குள்ள அடுக்கு முழுக்கச் செவந்துட்டு. தண்ணி ஊத்த ஊத்த அந்தப் பக்கம் பத்துது, அந்தப் பக்கம் ஊத்துனா இந்தப் பக்கம். கடைசியில வெள்ளச் சாம்பல். அவ கோழி ஒண்ணு அதுல போயி மண் குளிச்சிட்டு வந்து நின்னுச்சு, வெள்ளையா, பேய் மாதிரி. அத அடிச்சுக் கொழம்பு வச்சிட்டா, கோவத்துல. நல்ல முட்டைக் கோழி அது.

அத விடு. அணைஞ்ச நெருப்பு திரும்பி வந்து, மிச்சம் இருந்ததையும் தின்னுட்டுப் போன கதை ஒண்ணு எனக்குத் தெரியும். இங்க நடந்ததில்ல, மேல நடந்தது. ஒரு நட்சத்திரத்துக்கு.

"நட்சத்திரமா? எங்கிட்ட கதை விடாதிய மைனி"ங்கா. கதைதாம்ட்டி. ஆனா நானா உண்டாக்கல. எம் பேத்தி ராணி மலை மேல டெலஸ்கோப்பு வச்சிருக்கிற எடத்துல படிக்கால்லா, இப்ப லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கா, அவ சொன்னது. நட்சத்திரத்து வெளிச்சத்தப் பிரிச்சுப் பாத்து, அதுக்குள்ள என்னென்ன சாமான் கெடக்குன்னு சொல்லுததுதான் அவ சோலி. பக்கத்து வீட்டுல கொழம்பு கொதிக்கையில இங்கனயே நின்னு மூக்க உறிஞ்சி, வெந்தயம் கூடிப் போச்சுன்னு நீ சொல்ல மாட்டியா, அது மாதிரி. அவ சொன்னதுல பாதிதான் எனக்குப் புரிஞ்சிச்சு. புரியாத பாதியில நானே ஆளுகளப் போட்டுப் பேச விட்டிருக்கேன். கேளு.

ஒரு காலத்துல ஒரு நட்சத்திரம் இருந்தா. பெரியவளும் இல்ல, சின்னவளும் இல்ல. நம்ம சூரியன் மட்டுக்கு இருப்பா. அவளுக்குப் படிச்சவங்க நம்பருதான் போட்டிருக்காங்களாம். நம்பரச் சொல்லிக் கூப்பிட்டா ரேசன் கடை வரிசையில நிக்கிற மாதிரில்லா இருக்கு. நான் செவந்தின்னு பேரு வச்சிருக்கேன். அப்ப அவ மஞ்சளா இருந்தா.

செவந்திக்கு அடுப்புல எரியுததும் ஹைட்ரஜன், ஒடம்புல உடுத்துனதும் ஹைட்ரஜன். அவ்வளவு லேசான சாமான் ஒலகத்துல கெடையாதாம். எங்க பாத்தாலும் கெடைக்குமாம். அத அவ சேலை சேலையா, அடுக்கடுக்கா உடுத்தியிருந்தா. எத்தன அடுக்குன்னு அவளுக்கே தெரியாது.

எல்லா நட்சத்திரத்துக்கும் பாரம்னு ஒருத்தரு உண்டு. அவரு பொறக்கும்போதே கூட வாரவரு. அவருக்கு ஒரே சோலி, அமுக்குதது. கோவப்பட மாட்டாரு, சத்தம் போட மாட்டாரு. நாலு பக்கமும், மேலயும் கீழயும் நின்னுக்கிட்டு, உள்ளயே பாத்துத் தள்ளிக்கிட்டு இருப்பாரு. அடுப்பு எரியுத மட்டும் சூடு அவர வெளிய தள்ளும். அவரு உள்ள தள்ளுவாரு. இதுலதான் அவ பொழப்பு ஓடிக்கிட்டு இருந்திச்சு.

"அடுப்பு எப்படி இருக்கு தாயி?"ன்னு தெனமும் கேப்பாரு.

"எரியுது."

"எரியட்டும், எரியட்டும். நான் எங்க போறேன்"ம்பாரு.

அந்தக் கடைசிச் சொல்லக் கேட்டாலே அவ சேலைய இழுத்துப் போத்திக்கிடுவா. அவரு மெரட்டுனாக்கூட தேவலன்னு இருக்கும். மெரட்டவே மாட்டாரு.

முதல்ல அவளுக்கு இவ்வளவு பயம் கெடையாது. பக்கத்துல பெரியநாச்சின்னு ஒரு நட்சத்திரம் இருந்தா. செவந்தி மாதிரி பத்துப் பேரச் சேத்துக் கட்டுனாலும் அவ மட்டுக்கு வராது. பெரிய அடுப்பு, பெரிய எரிப்பு. வெரசா எரிச்சுத் தீத்துட்டா. ஒருநா அவ அடுப்பு அணைஞ்சிச்சு. அவ வீட்டுப் பாரம் ஒரு எட்டு உள்ள வச்சாரு. அவ்வளவுதான். கண்ண மூடித் தொறக்கங்குள்ள வீடே உள்ள இடிஞ்சி விழுந்து, பொறவு வெடிச்சிச்சு. வெளிச்சம்னா அப்படி ஒரு வெளிச்சம். செவந்தி மூஞ்சிய மூடிக்கிட்டா. வெளிச்சம் அடங்குனப்பொறம் பாத்தா, பெரியநாச்சி இருந்த எடத்துல ஒரு ஓட்டை. அதுல வெளிச்சம் போகுது, திரும்பி வரல.

அன்னைக்குப் பிடிச்ச பயம். "அடுப்பு அணைஞ்சா எனக்கும் அதுதான்"னு முடிவு பண்ணிட்டா.

எங்க சித்தி ஒருத்தி இப்படித்தான். எதுத்த வீட்டு ஆளு நெஞ்ச வலிச்சுச் செத்துப் போனாருன்னு, அன்னையில இருந்து தானும் நெஞ்சப் பிடிச்சிக்கிட்டா. மாடிப்படி ஏற மாட்டா, மொளகா தொட மாட்டா, யாராவது கதவத் தட்டுனாக்கூட ஒரு கை நெஞ்சுல இருக்கும். நெஞ்சுக்கு ஒண்ணும் வரல. காலம்பூரா மடக்கியே வச்சிருந்த கைதான் நீட்ட வராமப் போச்சு. சரி, எங்க விட்டேன்? ஆமா, அடுப்பு.

செவந்தி அடுப்புல ஹைட்ரஜன் எரிஞ்சு எரிஞ்சு ஹீலியமா உக்காந்துக்கிட்டே வந்திச்சு. பலூன்ல அடைப்பாங்கல்லா, அதே ஹீலியந்தான். அங்க அது வெறுஞ்சாம்பலா கெடந்திச்சு. ஒருநா நடு அடுப்புல ஹைட்ரஜன் தீந்துட்டு.

பாரம் ஒரு எட்டு உள்ள வச்சாரு.

செவந்தி பெரியநாச்சிய நெனச்சுக் கண்ண மூடிக்கிட்டா. ஆனா அமுக்க அமுக்க உள்ள சூடு ஏறிச்சு. மேல உடுத்தியிருந்த சேலையெல்லாம் உப்பி, பறந்து, அவ செக்கச்செவேல்னு பெருத்துட்டா. சுத்துப்பக்கத்து நட்சத்திரங்க, "என்ன செவந்தி, ஒடம்பு போட்டுட்ட. நல்ல சாப்பாடு போல"ன்னு கேலி பண்ணுதாளுக. அவளுக்கு உள்ள நடக்கது அவளுக்குத்தான் தெரியும்.

சூடு ஏறி ஏறி, சாம்பல்னு நெனச்ச ஹீலியமே ஒருநா பத்திக்கிட்டு.

"சாம்பல்னு என்னய ஒதுக்கி வச்சியே, பாத்தியா?"ன்னு கேட்டுது ஹீலியம். அதுக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. "ஒருத்தனுக்குச் சாம்பலா இருக்கது இன்னொருத்தனுக்கு விறகு தாயி. நான் இருக்கிற மட்டும் நீ யாருக்கும் பயப்பட வேண்டாம்."

பாரம் ஒரு எட்டு பின்னால போனாரு. "நல்லது தாயி. நான் எங்க போறேன்"ன்னாரு.

ஹீலியம் எரிஞ்சது என்னவா ஆச்சு தெரியுமா? கரியா. ராணி கார்பன்ங்கா. நமக்கு அது கரிதான். கரியில கொஞ்சம் இன்னொரு ஹீலியத்தப் பிடிச்சி இழுத்துச் சேத்துக்கிட்டு ஆக்சிஜனா மாறிச்சு. ரெண்டும் வீட்டுக்கு நடுவுல, இருட்டறையில, ஒண்ணோட ஒண்ணா ஒடுங்கி உக்காந்துட்டு. எரியல, பேசல.

செவந்திக்கு அதுல ஒரு வெக்கம். வெளிய பொன்னாட்டம் மினுக்கிக்கிட்டு இருக்கவ, வயித்துக்குள்ள கரியச் சேத்து வச்சிருக்கோம்னு யாருகிட்டயும் சொல்லல. அந்த அறைப் பக்கமே போக மாட்டா.

ஒரே ஒரு தடவ கரி கூப்பிட்டுது. "அம்மா, இங்கன ரொம்ப நெருக்கமா இருக்கோம். ஊசி குத்த எடமில்ல."

"பொறுத்துக்கிடு. எல்லாருக்குந்தான் கஷ்டம்"னு சொல்லிக் கதவச் சாத்திட்டா.

பொறவுதான் இடி ஆரம்பிச்சிச்சு.

நடுவுல கரி. அதச் சுத்தி மெல்லிசா ஹீலியம். அதுக்கும் மேல ஹைட்ரஜன் எரியுது. எரிஞ்ச சாம்பல், ஹீலியம், கீழ விழுந்து சேருது. சேந்து சேந்து ஒரு அளவு தாண்டுனா, டம்முன்னு மொத்தமாப் பத்திக்கிடும். வீடே குலுங்கும். பொறவு அமைதி. செவந்தி காதத் தீட்டிக்கிட்டே இருப்பா. ஒண்ணும் கேக்காது. அப்பாடான்னு அசந்த நேரத்துல மறுபடியும் காலுக்குக் கீழ, டம்.

அடுத்தது எப்பன்னு தெரியாம இருக்குது இருக்கே, அது இடிய விடக் கொடுமை கனி. எங்க வீட்டு மச்சுல மரநாய் குடியிருந்தப்ப எனக்கு அப்படித்தான் இருந்திச்சு. ஓடும்போது பயமில்ல. ஓடாம உக்காந்திருக்கும்போதுதான் உசிரு போகும்.

ஒவ்வொரு இடிக்கும் ரெண்டு காரியம் நடந்திச்சு. ஒண்ணு, அடியில இருந்த கரி கொஞ்சம் கெளம்பி மேல வந்து அவ மூஞ்சியில படிஞ்சிச்சு. மறைச்சு வச்சதெல்லாம் ஊருக்குத் தெரிய ஆரம்பிச்சிட்டு. இன்னொண்ணு, காத்து அவ சேலைய ஒண்ணொண்ணா உருவிச்சு.

"நாங்க போறோம் தாயி"ன்னு சொல்லிக்கிட்டே சேலைங்க போகும். அதுங்க மேல குத்தமில்ல. அவ பெருத்ததுல பிடிமானம் போயிட்டு.

"எங்க போறிய? என்னய விட்டுட்டு எங்க போறிய?"ன்னு கேப்பா.

"தெரியல தாயி. எங்கயாவது இன்னொரு நட்சத்திரம் பொறந்தா அவளுக்கு ஆவோம்"ம்பாளுக.

இப்ப சொல்லு. சேலைய உருவ உருவ அவ ஆறணுமா, சூடாகணுமா? ஆறணும்னுதான் நீ சொல்லுவ. நானும் ராணிகிட்ட அப்படித்தான் சொன்னேன். இல்லையாம். இத்தன காலமும் போத்தி வச்சிருந்த சூடு வெளிய தெரிய ஆரம்பிச்சிட்டு. செவப்பா இருந்தவ மஞ்சளானா, மஞ்சள் வெள்ளையாச்சு, வெள்ளை நீலமாச்சு. நம்ம மூட்டத்துலயும் அப்படித்தான? முதல்ல வெள்ளைப் புகை கெடந்து குமையும். நீலப் புகை வந்துட்டுன்னா உள்ள வெந்து முடிஞ்சிட்டுன்னு அர்த்தம். நீலத்தப் பாத்தா நாம சந்தோசப்படுவோம். அவ நீலத்தப் பாத்து நடுங்குனா.

ஆமா, சூட்டுலயே நடுங்குனா. சொரம் அடிக்கிறவ ஒடம்பத் தொட்டா அடுப்பாக் கொதிக்கும், ஆனா போர்வையத் தா, போர்வையத் தான்னு கேப்பால்லா. அது மாதிரி. மலை மாதிரி இருந்தவ குறுகிக் குறுகி, நம்ம பூமி இருக்கே, அது மட்டுக்கு ஆகுற வழிக்கு வந்துட்டா. காத்து உருவுன அவ சேலையெல்லாம் சுத்தி வட்டமா நின்னு, அவ சூட்டுலயே பச்சையும் செவப்புமா ஜொலிக்குது. தூரத்துல இருக்கவங்க, "என்ன அழகு, பூ விரிஞ்ச மாதிரி"ன்னு பாக்காங்க. ராணிகூட போன்ல போட்டோ வச்சிருக்கா, காட்டச் சொல்லுதேன். நடுவுல ஒரு புள்ளி தெரியும். அதுதான் அவ. அந்தப் பொட்டப் பாத்து யாரும் அழகுன்னு சொல்லல.

கடைசியில அடுப்பு அடங்குச்சு.

டம்மும் இல்ல. ஒரு சத்தமும் இல்ல. அவ இது வரைக்கும் எந்தச் சத்தத்துக்குப் பயந்தாளோ, அந்தச் சத்தம் இப்ப கேக்காதான்னு ஏங்குதா.

பாரம் வந்தாரு. "அடுப்பு எப்படி இருக்கு தாயி?"

"எரியுது"ன்னா. பொய்.

"அப்படியா. சூடு தள்ளக் காணமே."

"எரியுதுன்னேன்லா."

"எரியட்டும் தாயி"ன்னு சொல்லிட்டு, அரை எட்டு உள்ள வச்சாரு. அவரு கால் சத்தம் அவளுக்கு நாலா பக்கமும் கேக்குது. ஓடிப் போக ஒரு தெசை இல்ல. வெளிய நிக்கிற ஆளுன்னா பின்வாசல் வழியா ஓடலாம். சுத்தி நிக்கிற ஆளு கிட்ட இருந்து எங்க ஓட?

அவகிட்ட மிஞ்சி இருந்தது ஒரே ஒரு சேலை. பழசு, மெல்லிசு, கண்ணாடி மாதிரி. அதப் போத்தி இறுக்கிப் பிடிச்சிக்கிட்டா.

அப்பத்தான் அந்த ஹீலியம் வாயத் தொறந்துச்சு. தீந்துட்டுன்னு நெனச்சாளே, அது கரிக்கு மேல கொஞ்சூண்டு ஒட்டிக்கிட்டுக் கெடந்திருக்கு. கங்கு மாதிரி.

"தாயி, நான் இன்னும் சாகல."

"யாரு?"

"நாந்தான். ஒரே ஒரு தடவ பத்திக்கிடுத அளவுக்கு இருக்கேன். விட்டுப் பாரு. பழைய செவந்தியா ஆயிருவ. அவரு ஓடிப் போவாரு."

இருட்டறைக்குள்ள இருந்து கரி பேசிச்சு. "அம்மா, வேண்டாம். நாங்க நிக்கோம்லா."

"நீங்க என்னத்த நிப்பிய?"ன்னா. பயத்துல அவளுக்குக் கோவம் வந்துட்டு. "எரிஞ்சு முடிஞ்ச கரி. ஒங்களால ஒரு பொட்டுச் சூடு தர முடியுமா? பெரியநாச்சிக்கு என்ன ஆச்சுன்னு நீங்க பாக்கல. நான் பாத்தேன்."

"அம்மா, இங்க நெருக்கமா..."

"இந்த நேரத்துலயும் ஒங்களுக்கு எட வசதிதான் பெருசா?"ன்னு கேட்டுட்டா. கரிக்கு வாய் அடிக்கத் தெரியாது.

பாரம் இன்னொரு அரை எட்டு வச்சாரு.

"பத்திக்கோ"ன்னா செவந்தி.

டம்.

அதுக்கு முந்தி கேட்ட அத்தன இடியும் சேந்தாலும் அந்த இடிக்கு வராது. ஹீலியம் கெளம்புன வேகத்துல எல்லாத்தையும் உள்ள இழுத்துச்சு. மேல போத்தியிருந்த அந்தச் சேலையையும். அவ இழுத்துப் பிடிச்சிப் பாத்தா. நிக்கல.

"என்னையுமா தாயி?"ன்னு கேட்டுச்சு சேலை. அவ்வளவுதான் கேட்டுச்சு. உள்ள போயி எரிஞ்சி போச்சு.

ஆனா ஹீலியம் சொன்னது பொய் இல்ல கனி. அதத்தான் நீ நம்ப மாட்ட. செத்துப் போனவன்னு எல்லாரும் எழுதி வச்ச செவந்தி திரும்ப உப்பிப் பெருசாயிட்டா. நட்சத்திரக் கணக்குல இதுக்கெல்லாம் யுகம் யுகமா ஆகுமாம். இவளுக்கு ஒரு பொண்ணக் கட்டிக் குடுத்து அவ புள்ள பள்ளிக்கூடம் போற காலந்தான் ஆச்சாம். மஞ்சளா, மினுமினுன்னு, பழைய மாதிரியே. பாத்தவங்க அசந்து போனாங்க.

"பாத்தீரா?"ன்னு பாரத்தப் பாத்துக் கேட்டா. அவ வாழ்க்கையில அவர அப்படிக் கேட்டது அன்னைக்கித்தான்.

பாரம் பின்னால போயி நின்னுக்கிட்டாரு. "சந்தோசம் தாயி"ன்னாரு. கொஞ்சம் விட்டு, "நான் எங்க போறேன்"ன்னாரு.

எத்தன நாளைக்கி? எரிஞ்ச வேகத்துல கரிப்பொடி கெளம்பி அவ மூஞ்சியச் சுத்தி மூடிட்டு. நட்டநடுப் பகல்ல புழுதிக்காத்து அடிச்சா எதிர்ல நிக்கிற ஆளு தெரியாதுல்லா, அப்படி. வெளிய இருந்து பாத்தா அவளக் காணோம். உள்ள இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியல. அந்த இருட்டுக்குள்ள அவளுக்குக் கேட்டது ஒரே ஒரு சத்தந்தான். ஹீலியம் மூச்சு வாங்குற சத்தம்.

"இன்னும் இருக்கியா?"ன்னு கேப்பா.

"இருக்கேன்."

கொஞ்ச நேரம் கழிச்சி, "இருக்கியா?"

"இருக்கேன் தாயி."

அப்புறம் கேட்டா. பதில் வரல.

திரும்பக் குறுகுனா. திரும்ப நீலமானா. முதல் தடவையை விடக் கூடுதல் சூடு. ஏன்னா இந்தத் தடவ போத்திக்க ஒண்ணுமே இல்ல. எம் பேத்தி வெளிச்சத்தப் பிரிச்சுப் பாத்தது இந்த மாதிரி ஒருத்தியத்தான். கரி இருக்காம், கொஞ்சம் ஹீலியம் ஒட்டிக்கிட்டு இருக்காம், ஆக்சிஜன் இருக்காம். ஹைட்ரஜன் மட்டும் தேடித் தேடிப் பாத்தும் இல்லையாம். இத்தன பெரிய ஆகாசத்துல எங்க கையை நீட்டுனாலும் கெடைக்கிற சாமான், இவகிட்ட மட்டும் பேருக்குக்கூட இல்ல. ராணி அதச் சந்தோசமாத்தான் சொன்னா, ஏதோ கண்டுபிடிச்சிட்ட மாதிரி. எனக்குச் சோறு எறங்கல. எம்மாடி, சூட்டுல ஒடம்பு கொதிக்கவ, மேல ஒரு நூலு இல்லாம நிக்கான்னு நெனச்சிக்கிட்டேன்.

பாரம் வந்தாரு. இந்தத் தடவ அடுப்பப் பத்திக் கேக்கவே இல்ல.

முதல் எட்டு வச்சாரு. செவந்தி அசையல. ரெண்டாவது எட்டு. பெரியநாச்சி இருந்த எடத்துல இருந்த ஓட்டை அவ கண்ணுக்குள்ள வந்து நின்னுச்சு. இன்னொரு எட்டு. அவ ஒடுங்கி ஒடுங்கி, இனி ஒடுங்க ஒண்ணுமில்லன்னு நெனச்சு, வாரது வரட்டும்னு கூட இல்ல, வராதேன்னுதான் கெஞ்சிக்கிட்டு, கண்ண இறுக்கி மூடுனா.

பாரம் அமுக்குனாரு.

பொறவு ஒண்ணும் நடக்கல.

திரும்ப அமுக்குனாரு. அவரு மூச்சு விடுதது அவளுக்குக் கேட்டுச்சு. இத்தன காலத்துல அவரு மூச்சு விட்டு அவ கேட்டதில்ல.

"யாரு அது?"ன்னாரு பாரம்.

"நாங்கதான்"ன்னுது கரி.

"தள்ளிக்கோங்க."

"எடமில்ல பெரியவரே. ஊசி குத்த எடமில்ல. நீரு எவ்வளவு தள்ளுனாலும் தள்ளுறதுக்கு எங்களுக்குப் பின்னால எடம் வேணும்லா."

"அடுப்பு அணைஞ்சிட்டே. எதை வச்சு நிக்கிய?"

"அடுப்ப வச்சு நாங்க எப்ப நின்னோம்?"

"எத்தன நாளைக்கி நிப்பிய?"

"ஆறுனாலும் நிப்போம். சில்லுன்னு போனாலும் நிப்போம். நீரு சௌகரியமா உக்காரும்."

பாரம் நாலா பக்கமும் அப்படியே நின்னுட்டாரு.

செவந்தி மெதுவாக் கண்ணத் தொறந்தா. இத்தன காலமும் போகாத இருட்டறைப் பக்கம் திரும்பிக் கேட்டா. "எப்ப இருந்து நிக்கிய?"

"இங்கன வந்து உக்காந்ததுல இருந்து நிக்கோம்மா. அப்பவே சொன்னோமே, நெருக்கமா இருக்கோம்னு."

"நீங்க கஷ்டத்தச் சொல்லுதியன்னுல்லா நெனச்சேன்."

"தைரியத்தத்தான் சொன்னோம்"ன்னுது கரி.

"அப்ப பெரியநாச்சி?"

"அவ பாரம் மலை பாரம். அவ வீட்டுல எங்கள மாதிரி யாரு நின்னாலும் தாங்காது. ஒனக்கு வந்தது ஒன் மட்டுக்குத்தாம்மா. நீ அவளுக்கு வந்ததுக்குல்லா இத்தன நாளும் பயந்த."

செவந்தி தோளத் தடவுனா. சேலைய இழுத்துப் போத்திக்கிடுத பழக்கம். கைக்கு ஒண்ணும் கெடைக்கல. திரும்பவும் தடவுனா.

இன்னும் அங்கனதான் நிக்கா. பைய ஆறிக்கிட்டு இருக்கா. யாரும் அவள ஒண்ணும் பண்ணிர முடியாதுன்னு இப்ப அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும், அப்பப்ப தோளத் தடவிக்கிடுதா. பாரம் இப்பவும் சுத்தித்தான் நிக்காரு. "குளிருதா தாயி?"ன்னு கேக்காராம்.

இவ்வளவுதான் கதை. இவ்வளவு நேரம் அந்த மண்வெட்டியக் கையில பிடிச்சிக்கிட்டேவா கேட்ட? கீழ போடு. மழைக்குன்னு மூட்டத்து மேல தார்ப்பாய் முன்னாலயே இழுத்துக் கட்டியாச்சு. உள்ள கரி நெருக்கமாத்தான் நிக்கும். லாரிக்காரன் கத்துனா ஒருநா கத்திட்டுப் போறான், அடுத்த நடைக்கி வருவான்.

"நான் பயந்துதான் போனேன் மைனி"ங்கா. பயப்படு, அத யாரு வேண்டாம்னா? பயந்துக்கிட்டே சும்மா உக்காரு.

தூத்தல் விழுந்துட்டு பாரு. ஏ ராணி, கொடியில எஞ்சேலை கெடக்கு. போனக் கீழ வச்சிட்டு, நனையுறதுக்குள்ள அத உள்ள எடுத்துட்டு வாட்டி.